முறை வைத்துப் படுத்த கட்டில்

முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால் கை அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும், மனசுதான் எங்கேயாவது போய் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று நிற்கும். நாகஜோதிக்கு இன்றைக்கு அது போனில் போய் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது போன். மூன்று மணிக்கு மேல் கூப்பிடுகிறேன் என்று மில் சூப்பர்வைசர் நேற்றே சொல்லிவிட்டார். முழு நைட்டுக்கு ஆள் வேணும், திங்கக்கிழமையிலருந்து வாரியா, இப்ப வேணாம்னுட்டு அப்புறம் எங்கிட்ட வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, ஆமா. "வாரேன் சார்" என்று ரெண்டு வார்த்தை. சொல்லிவிட்டால் முடிந்தது. பகல் ஷிப்டில் இருக்கிற பொம்பளை ராத்திரி ஷிப்டுக்கு மாறுகிறாள், ஊரில் நடக்காத கூத்தா என்ன. அந்த ரெண்டு வார்த்தைதான் நேற்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை. வீடு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. மகள் தன்ஷிகா பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருக்கிறாள். மேலே காற்றாடி டொக்டொக்கென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது. கட்டிலில் அழகுமலை சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துத் தூங்குகிறான். தூங்குகிற புருசனைப் பார்ப்பது அவளுக்குப் பழகினதுதான், பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தானே பார்த்து வந்திருக்கிறாள். முழிச்சிருக்கிற புருசனைப் பார்ப்பதுதான் புதுசு. அந்தப் புதுசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த வயசில் இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும், சொன்னால் சிரிப்பார்கள். ஒரு காம்பை உருவினாள், பழுத்த இலையாக வந்தது, ஒதுக்கிப் போட்டாள்.

ரெண்டு பேருக்கும் ஒரே மில்தான். வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற நூல் மில். கல்யாணமான புதிதில் ரெண்டு பேரும் பகல் ஷிப்டுக்குத்தான் போனார்கள், ஒரே வேனில், அவன் பின்னால், அவள் முன்னால் பொம்பளைகள் பக்கம். வண்டி வளைவில் திரும்பும்போது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள், அதற்கே பக்கத்தில் இருக்கிறவள் விலாவில் இடிப்பாள். அது எத்தனை நாள், விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளை வயிற்றில் வந்தது, அவன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, வாடகை ஏறியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடிந்தமட்டும் ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும், ஒருத்தர் சம்பளமும் நிற்கக் கூடாது, அதனால் அவன் முழு நைட்டுக்கு மாறினான். வெறும் முழு நைட்டு இல்லை, ஒன்றரை ஷிப்ட். நடுராத்திரியில் உள்ளே போனால் மறுநாள் உச்சி வெயிலுக்குத்தான் வெளியே வருவான். அவள் விடிந்ததும் பிள்ளையைத் தெருவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் திரும்புவாள், உச்சிக்கு வந்து அவன் கூட்டிக்கொள்வான். அவள் வரும்போது அவன் கட்டிலில் செத்த பிணமாகக் கிடப்பான். சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, பாடம் எழுத வைத்து, பாத்திரம் கழுவி, எல்லாம் சத்தமில்லாமல். கரண்டி பாத்திரத்தில் பட்டால்கூட நெஞ்சு திக்கென்னும். கடைசியில் இடுப்பு ஒடிந்து அவள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொண்டையை அவிழ்ப்பாள். அதுதான் அவனுக்கு அலாரம். கட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததோ இல்லையோ அவன் எழுந்து கால்மாட்டு வழியாக இறங்கிவிடுவான். ஆணியில் மாட்டின சட்டையைப் போட்டுக்கொண்டு, "வேன் வந்துருச்சா?" என்பான். "இன்னும் இல்ல" என்பாள், பாதித் தூக்கத்தில். அவன் முகம் கழுவுகிற சத்தம் முடிவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். ஒரு கட்டில், ரெண்டு ஆள், முறை வைத்து. அவன் படுத்த சூடு படுக்கையில் இருக்கும், அதில்தான் அவள் படுப்பாள். தலையணை மட்டும் சில்லென்று இருக்கும். அது அவள் அம்மா வீட்டுச் சீரில் வந்த இலவம்பஞ்சுத் தலையணை. ரெண்டு வந்தது, ஒன்று பிள்ளைக்குப் போய்விட்டது. மில்லில் டீ குடிக்கிற நேரத்தில் அவள் பெருமை அடித்துக்கொள்வாள்: "நம்ம அடிக்கிற பஞ்சு மாதிரி இல்லக்கா இலவம்பஞ்சு, மணிக்கணக்கா ஒருத்தர் தலைய வச்சுப் படுத்தாலும் சூடே ஏறாது, அப்பத்தான் பானைத் தண்ணியில நனைச்சு எடுத்தாப்ல இருக்கும்." பஞ்சோடு பஞ்சாக வாழ்கிற பொம்பளைகள், பஞ்சைப் பற்றி ஒருத்தி சொன்னால் மறுபேச்சு ஏது. ஆமா ஆமா என்று தலையாட்டுவார்கள்.

அப்படியே போயிருக்கும். நடுவில்தான் அந்தச் சும்மா காசு வந்தது. ஏதோ ஒரு டிரஸ்டாம், காலேஜ்காரர்களும் சேர்ந்துகொண்டார்களாம், இந்தப் பஞ்சாயத்தில் வயசு வந்த எல்லாருக்கும் மாசாமாசம் பேங்கில் பணம் போடப் போகிறார்களாம், ரெண்டு வருசத்துக்கு. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு ஒரு கண்ணாடிக்காரர் பேசினார்: இதுக்கு நீங்க எந்த வேலையும் செய்ய வேண்டாம், திருப்பிக் குடுக்க வேண்டாம், இருக்கிறவங்க இல்லாதவங்கன்னு வித்தியாசம் இல்ல, எதுக்குச் செலவழிச்சீங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மா அக்காதான் எழுந்து, "ஏஞ்சாமி, அப்ப எங்க கிட்டருந்து உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டது. "ஒண்ணும் வேணாம்மா." "ஒண்ணும் வேணாம்னு எவனும் எங்களுக்கு இதுவரைக்கும் குடுத்ததில்ல, அதான் கேட்டேன்" என்று உட்கார்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள், கண்ணாடிக்காரரும் சிரித்தார். முதல் மாசம் வந்தபோது யாரும் எடுக்கவில்லை, தப்பாக வந்திருந்தால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். அப்புறம் எடுத்தார்கள். ஊர் சோம்பேறியாகப் போய்விடும், ஆம்பளைகள் எல்லாம் கடையிலேயே கிடப்பார்கள் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. ஒரு ரெண்டு பேர் கிடக்கத்தான் கிடந்தார்கள், அவர்கள் முன்னாலும் அங்கேதான் கிடந்தார்கள். பிச்சையம்மா அக்கா முழங்கால் வலியோடு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனதை நிறுத்திவிட்டு வாசலில் பணியாரம் சுட உட்கார்ந்தது, இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவை அதிகாரம் பண்ணுகிறது. நாகஜோதி அந்தக் காசைத் தொடவில்லை. தொடாமல் இருந்தவளைத் தொட வைத்தது ஒரு நாள் மத்தியானம். வேனை விட்டு இறங்கின அழகுமலை நடந்து வருகிற வழியிலேயே தூங்கிப்போய், நின்ற மேனிக்கு ரோட்டோரம் விழுந்துவிட்டான். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அவன் எழுந்து சட்டையைப் போடும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். "முழு நைட்ட விட்டுருங்க மாமா." அவன் பொத்தானைப் போட்டபடியே நின்றான். "விட்டுட்டு?" "பகலுக்கு வாங்க. ஒன்றரையும் வேணாம். அதான் அந்தக் காசு வருதுல்ல." "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருப்பம்" என்றான், ஏதோ கணக்கு இடிக்கிற மாதிரி. "இருந்தா என்ன?" என்றாள் அவள். இருந்தா என்னவா. கேட்டாளே ஒரு கேள்வி, பதில் இப்போதல்லவா தெரிகிறது.

இலையோடு சேர்த்து ஒரு எறும்பு வந்தது, கையில் ஏறியது, ஊதிவிட்டாள். பகல் ஷிப்டுக்கு வந்த முதல் நாள் அவன் சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்குள் நின்றதை நினைத்தால் இப்பவும் என்னமோ செய்கிறது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் விருந்தாளியாக நின்றான். அவளுக்கும் கை கால் ஓடவில்லை. இத்தனை வருசமும் இந்த வீட்டில் சாயங்காலம் என்றால் அவள் ராஜ்யம், எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இப்போது திரும்பினால் அவன் மேல் இடிக்கிறது. பேசலாம் என்றால் என்ன பேசுவது? அவர்கள் பேசியே குடும்பம் நடத்தினவர்கள் இல்லை. மில்லுக்குள் மெஷின் சத்தத்தில் வாயைத் திறந்து பிரயோசனம் இல்லை, எல்லாம் கைச் சாடைதான்: கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ, மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். வீட்டிலும் அதே சாடைதான். சோத்துத் தட்டின் மேல் சொம்பைக் கவிழ்த்து வைத்திருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல், நீ சாப்பிட்டுவிட்டுத் தொட்டுப் பார் என்று அர்த்தம். அவன் சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருந்தால் நேற்றுக் கோபத்தில் அவள் முறைத்ததற்கு அவன் சமாதானம். அந்த மிட்டாயைத் தின்னும்போது எத்தனை நாள் தனியாகச் சிரித்திருக்கிறாள். எதிரில் இல்லாதபோது அத்தனை நெருக்கமாக இருந்த ஆள், எதிரில் வந்ததும் எங்கே போய்விட்டான்? "சோறு வைக்கவா?" "வையி." "பாப்பா எங்க?" "டியூசன்." அதற்கு மேல் வண்டி ஓடவில்லை. ஆனாலும் அவளுக்கு ஆசை. சொல்லக் கூச்சம், ஆனாலும் ஆசைதான், இருக்கக் கூடாதா என்ன? மில்லிலிருந்து வரும்போது கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டு, தலைக்கு ஊற்றி, பஞ்சுத் தூசி ஒன்று இல்லாமல் முடியைச் சீவி, பிள்ளை தூங்கினதும் விளக்கை அணைத்துவிட்டு, பழகின இடத்தில் கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். அவன் எழுந்துவிட்டான். தீ பட்டது மாதிரி எழுந்து, கால்மாட்டு வழியாக இறங்கி, வெளியே போய்விட்டான். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. வருவான் வருவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. வாசப்படிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள், கண்ணீர் காதுக்குள் போயிற்று. அன்றைக்கும் தலையணை மட்டும் அவள் அம்மா வீட்டுக் குணம் மாறாமல் சில்லென்று இருந்தது, அந்தக் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் அழுதாள்.

ஒரு நாள் என்றால் சரி, உடம்பு சரியில்லை என்று விடலாம். மறுபடியும் அப்படித்தான், அதற்கு மறுபடியும் அப்படித்தான். அவள் வந்து உட்கார்ந்தால் அவன் எழுந்து போகிறான். காலையில் ஒன்றும் நடக்காதது மாதிரி டீ குடிக்கிறான், அவளும் குடிக்கிறாள். கண்ணாடியில் பார்த்தாள்: கன்னத்தில் மங்கு, முன்நெற்றியில் நரை, உதடு காய்ந்து கிடக்கிறது. இருட்டிலேயே குடும்பம் நடத்தினவனுக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் பிடிக்கவில்லை போல. குறட்டை விடுகிறேனோ? மில் இருமல் இருமுகிறேனோ? இல்லை, உடம்பில் மெஷின் எண்ணெய் வாடை, இத்தனை தேய்த்தும் போகவில்லையோ? ஒரு நாள் பாயை எடுத்து மகளுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, "முதுகு வலிக்குது, தரைதான் நல்லது" என்றாள். ஏன் என்று கேட்பான், வா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். "ம்" என்றான். அந்த ஒரு "ம்"மை எடுத்து வைத்துக்கொண்டு அவள் படாத பாடு படுகிறாள். மில்லில் நூல் அறுந்து ஒட்டும்போதும் அந்த "ம்", குழாயடியில் குடம் நிறையும்போதும் அந்த "ம்". போன வாரம் டிரஸ்டிலிருந்து கேள்வி கேட்கிற பொண்ணு வந்தது, சின்னப் பொண்ணு, நல்ல சிரித்த முகம். பணம் வந்த பிறகு வேலை எப்படி இருக்குக்கா, சாப்பாடு எப்படி இருக்கு, தூக்கம் எப்படி இருக்கு? அழகுமலை பக்கத்தில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டே, "தூக்கந்தான் இன்னும் சரியாப் பிடிபடல, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துர்றேன்" என்றான். ஆமா, ஏன் பிடிபடும், நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படிப் பிடிபடும் என்று அவள் உள்ளுக்குள் வெடித்தாள். "நீங்க சொல்லுங்கக்கா, ஒண்ணுலருந்து பத்துக்குள்ள, இப்ப எவ்வளவு சந்தோசமா இருக்கீங்க?" இப்படி ஒரு கேள்வியை அவளிடம் பிறந்ததிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று "ஏழு" என்றாள், கடையில் விலை சொல்வது மாதிரி. அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அதிகமாகச் சொல்லிவிட்டேனா, குறைத்துச் சொல்லிவிட்டேனா, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அதுவும் இன்றுவரை தெரியவில்லை. பொய்யும் இல்லை அது. மகளைப் பார்த்தால் பத்துக்குப் பத்து போடலாம். அப்பா தூங்குறாரு சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு சத்தம் போடாத என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை, பள்ளிக்கூடத்திலும் கிசுகிசுவென்றுதான் பேசும், இவளுக்குத் தொண்டையில ஏதும் பிரச்சினையா என்று டீச்சர் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பிள்ளை இப்போது பக்கத்து வீட்டில் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறது, சுவரைத் தாண்டிக் கேட்கிறது. அதைக் கேட்கும்போது வயிறு குளிர்கிறது. அவன் முகத்திலும் ரத்தம் ஏறியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நல்லாத்தான் இருக்கிறான். நல்லா இருக்கட்டும். நான் முழு நைட்டுக்குப் போய்விட்டால் கட்டிலும் அவனுக்கு முழுசாகக் கிடைக்கும், எழுந்து ஓட வேண்டியதில்லை. பழையபடி சொம்பைக் கவிழ்த்து வைப்பான், பையில் மிட்டாய் வைப்பேன், அதுவே நமக்குப் போதும், நமக்கு அவ்வளவுதான் கொடுப்பினை. கேட்டால் காரணம் தயார்: ரெண்டு வருசம் கழித்து இந்தக் காசு நின்றுவிடும், இப்பவே சேர்த்தால்தான் பிள்ளையின் படிப்புக்கு ஆகும். நல்ல காரணம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். உருவின கீரை முறத்தில் குவிந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு கொத்துதான் பாக்கி.

போனைத் திருப்பிப் பார்த்தால் சார்ஜ் இல்லை, சிவப்புக் கோடு. அடக் கருமமே, அவர் கூப்பிடுகிற நேரத்தில் செத்துத் தொலைத்தால்? சார்ஜர் கட்டில் தலைமாட்டுக்கு மேலே இருக்கிற பிளக்கில் தொங்குகிறது. எட்டிப் பார்த்தாள், வயர் எட்டவில்லை, நின்றுகொண்டே குத்தினால் முனை போய்ச் சொருகவில்லை, அதற்கென்று ஒரு கோணம் வேண்டும். அவன் முழிக்காதபடிக்கு மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அவன் எழுந்துவிட்டான். அதே மாதிரி, அப்படியே, ஒரு நொடி தாமதம் இல்லை. பகலில் கூடவா, சாமி, பகலில் கூட நான் பக்கத்தில் உட்காரக் கூடாதா? எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினவள், எழாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ஏனென்றால் இந்த ஒரு தடவைதான் அவள் முதுகைக் காட்டாமல் அவனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஒரு தடவைதான் ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறது. அவன் கண் திறக்கவே இல்லை. இமை ஒட்டிக் கிடக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஆள் இன்னும் தூக்கத்துக்குள்தான் இருக்கிறான். எழுந்து உட்கார்ந்த கை மட்டும் பின்னால் போய்த் தலையணையைப் பிடித்தது. அதைத் தூக்கி, புரட்டி, அவன் தலை பட்டுச் சூடாகியிருந்த பக்கத்தைக் கீழே போட்டு, குளிர்ந்த பக்கத்தை மேலே வைத்து, நடுவில் ஒரு தட்டுத் தட்டியது. விரிப்பில் அவன் உடம்பு கசக்கின இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டது. அப்புறம் கால்மாட்டுப் பக்கமாக நகர்ந்து, அவள் வந்து படுக்க இடத்தை விட்டுவிட்டு, காலைக் கீழே தொங்கப்போட்டான். கை சுவரில் ஆணியைத் தேடியது. ஆணியில் இப்போது சட்டை இல்லை, பிள்ளையின் புத்தகப் பைதான் தொங்குகிறது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே, "வேன் வந்துருச்சா?" என்றான்.

அடப்பாவி மனுசா. அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை, அந்தத் தலையணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கீழ்ப்பக்கம் கையை விட்டாள். சூடாக இருந்தது, வேர்வை ஈரத்தோடு நல்ல சூடு. இலவம்பஞ்சாம், சூடே ஏறாதாம், ஊரெல்லாம் பெருமை அடித்தாளே, பஞ்சு மில்காரி. எத்தனை ராத்திரி, காய்ச்சலில் கிடந்த ராத்திரி, அவனோடு சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் வந்து படுத்த ராத்திரி, அவன் அப்பா செத்து மறுநாள் அவன் வேலைக்குப் போன ராத்திரி, ஒன்றில்கூடத் தலையணை சூடாக இருந்ததில்லை. ஓடவில்லை இவன். இவ்வளவு நாளும் இடம் விட்டிருக்கிறான். இவனுக்கே தெரியாது, தெரிந்தால் சொல்லியிருப்பான், தூக்கத்தில் செய்கிற காரியத்துக்கு யார் சாட்சி? அன்றைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதும் இப்படித்தான் புரட்டிப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான், முகம் கழுவின பிறகுதான் வேன் இல்லை என்பது உறைத்திருக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு, அவளை எழுப்ப மனசில்லாமல் வாசல் பக்கம் படுத்திருப்பான். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை, ரெண்டும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு வந்தன. "மாமா" என்றாள். "ம்." அதே "ம்". தூக்கத்தில் நனைந்த, ஒரு பாவமும் அறியாத "ம்". "வேன் வரல மாமா. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ராத்திரி வேன் இனிமே உங்களுக்கு வராது, நீங்க பகலுக்கு வந்துட்டீங்கள்ல." அவன் கண்ணைத் திறந்து, கையில் இருக்கிற புத்தகப் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் முகம் நனைந்து கிடப்பதைப் பார்த்தான். "ஏன், ஜோதி? முதுகு வலிக்குதா?" "இல்ல." "நீ வந்து படு. நான் கீழ போய்ப் படுத்துக்கிறேன். நீதான் தரை நல்லதுன்னு…" என்று எதையோ சொல்ல வந்து, "நான் பக்கத்துல படுத்தா உனக்குத் தூக்கம் கெடும்னுதான் நானும் கேக்கல" என்றான், கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

போன் அடித்தது. சிவப்புக் கோட்டோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு அலறியது. பழக்கதோசத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுவென்று, "சார், சொல்லுங்க சார்" என்றாள். என்னம்மா, நாளைக்கு வேன்ல உன் பேரச் சேத்துரவா? "வேணாம் சார். முழு நைட்டு வேணாம்." அந்தப் பக்கம் சூப்பர்வைசர் சத்தம் போட்டார், என்னம்மா, சும்மா காசு வந்ததும் எல்லாருக்கும் கொழுப்பாப் போச்சா? இன்னொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தை அவளை ஒரு வாரத்துக்குத் தின்றிருக்கும். "பகலுக்கு எப்பவும் போல வந்துர்றேன் சார், ஒரு நாள் லீவு போட மாட்டேன். ராத்திரி மட்டும் கேக்காதீங்க." எதுக்கும்மா இப்படிக் கமுக்கமாப் பேசுற, ஒண்ணும் கேக்கல. "வீட்ல தூங்குறாங்க சார்." சார் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது போன் அணைந்துபோனது. கறுத்துப்போன அதை முறத்தில் கீரை மேலேயே வைத்துவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளை மறுபடியும் பெரிசாகச் சிரித்தது. அழகுமலை கால்மாட்டில் இன்னும் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அவளுக்காகக் காத்துக்கொண்டு. "யாரு போன்ல?" "யாரும் இல்ல. நீங்க படுங்க." அவன் படுத்தான். அவள் தலையணையை எடுத்து, ரெண்டு தலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வருகிற மாதிரி குறுக்காகப் போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள், அவனைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள். அப்புறம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டில் தாழ்ந்தது, அவன் முழங்கை அதுவாக ஊன்றி எழப் பார்த்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தள்ளிப் படுங்க மாமா" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை, தள்ளி மட்டும் படுத்தான்.